காலை எட்டு மணிக் கணக்கு

வெள்ளி பத்தொன்பது.
சனி இருபத்தாறு, வராண்டாவிலும் பாய்.
ஞாயிறு ஆறு.

"காய்ச்சல் இறங்குதே" என்று
கிருஷ்ணகிரியிலிருந்து போனில் சிரித்தார்கள்.
நானும் ஆமாம் சார் என்றேன்.

பிறகுதான் முகவரிக் கட்டத்தில்
விரல் ஓட்டிப் பார்த்தேன்:
நாட்றாம்பாளையம், நாட்றாம்பாளையம்,
தக்கட்டி, மறுபடி நாட்றாம்பாளையம்.
ஞாயிறில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லை.

தேன்கனிக்கோட்டை டிப்போவில் கேட்டால்
சனி மதியமே அஞ்செட்டிக்கு அப்பால்
மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம்.

ஆறு என்றே அனுப்பியாகிவிட்டது.
படிவத்தில் குறிப்பு எழுத இடமில்லை.
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால்
பஸ் இல்லை
என்று எழுதிவைத்தேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் முனிமாதன் எட்டிப் பார்த்தான்.
அவன் மச்சினி அந்த ஊர்தான்,
மூன்று நாளாக எழவில்லை.

"ஏழுன்னு போட்டுக்கோங்க மேடம்" என்கிறான்.