பத்துக்கு எத்தனை

பம்பருக்கு இரண்டே நாளில் வைத்தியம் முடிந்துவிட்டது.
கிளைப்பேடா துறைமுகச் சாலையில்
சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த என் காரை
ரொட்டி வேன் ஒன்று பின்னாலிருந்து தொட்டது.
'தொட்டது' என்பது காவலர் எழுதிய சொல்.
ஓட்டி வந்த பையன், மண்ட்விதாஸ் என்று பெயர்,
நடுங்கிக்கொண்டே இறங்கி வந்து
சூடு ஆறாத கறுப்பு ரொட்டி ஒன்றைக் கொடுத்தான்.
சிரித்துக்கொண்டே வாங்கினேன்.
அந்தச் சிரிப்பு வரைக்கும்
என் கழுத்து என்னுடையது.

மூன்றாம் நாள்
பிடரியில் ஏறிய ஒன்று
தோள்பட்டையில் இறங்கி,
முழங்கையில் ஒரு திருப்பம் எடுத்து,
கட்டைவிரலில் வந்து உட்கார்ந்தது,
கடைசி நிறுத்தத்திலும் இறங்காத பயணி போல.
அதற்கு இப்போது மூன்று வயது.

நாற்பது மீட்டர் உயரக் கூண்டில்
கண்ணாடித் தரை வழியே
முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து
இருபது டன் கண்டெய்னரை
முட்டை மாதிரி இறக்கி வைத்தவள் நான்.
இப்போது கேஃபிர் ஜாடியைத் தூக்க
இடது கையைக் கூப்பிடுகிறேன்.
கீழே எடைமேடையில்
சீட்டுக் கிழிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.
கிரேன்களைப் பார்க்க அண்ணாந்தால்
அதற்கும் தனியாக வலிக்கிறது.

பட்டை போட்டார்கள். ஆறு வாரம்
கூப்பிட்டவர் முகம் பார்க்க
முழு உடம்போடு திரும்பினேன்.
ஊசி போட்டார்கள். பதினோரு நாள்
ஊரில் எல்லோரிடமும் நல்லவளாக இருந்தேன்.
பலங்காவில் சூடான கரிச்சேற்றில் புதைத்தார்கள்.
எழுந்து வந்தபோது
வலி குளித்துச் சுத்தமாக இருந்தது.

'உங்கள் வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான்'
என்றார் ஸ்கேனைப் பார்த்தவர்.
அந்த எல்லோரும் எங்கே?
நள்ளிரவு மூன்று மணிக்கு
எங்கள் அடுப்படியில்
நான் மட்டும்தானே நிற்கிறேன்.

காப்பீட்டுப் படிவம் கேட்கிறது:
பத்துக்கு எத்தனை?
குத்தலுக்கா, குடைச்சலுக்கா,
மழைக்கு முந்தைய இரவின் விண்விண்ணுக்கா?
இழுப்பைக் கடுப்போடு கூட்டுவதா,
மரத்துப்போன விரலைக் கழித்துவிடுவதா?
ஆறு என்று எழுதினேன்.
ஆறு, நம்பும்படியான எண்.

இயன்முறை அறையில் அவுத்ரோனே மட்டும்
எண் கேட்கவில்லை.
'எந்தச் சட்டையைப் போட முடியவில்லை?' என்றாள்.
முதுகில் பொத்தான் வைத்த நீலச் சட்டை, என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
'இழுக்காதே. பாவாடையில் நாடா கோப்பது மாதிரி
நரம்பை மெல்ல ஓடவிடு.
வலி தொடங்கும் இடத்துக்கு
ஒரு விரற்கடை முன்னால் நில்.
அங்கிருந்து திரும்பு.'

கையைப் பக்கவாட்டில் நீட்டு,
உள்ளங்கையை வானம் பார்க்க வை,
மணிக்கட்டைப் பின்னால் மடக்கு,
தலையை எதிர்த்தோளுக்குச் சாய்.
பத்து முறை.
காலை ஏழு மணி, ஐந்தாம் மாடி ஜன்னல்.

எதிர்க் கட்டடத்து பால்கனியில் சிகரெட் பிடிப்பவர்
முதல் வாரம் முறைத்தார்.
இரண்டாம் வாரம் கையசைத்தார்.
விளக்கிச் சொல்ல நடுவில் ஒரு தெரு இருந்தது.
மூன்றாம் வாரம்
அவரும் தலையைச் சாய்த்தார்,
எங்கள் வீட்டில் வணக்கம் சொல்வதே
இப்படித்தான் என்று நினைத்தாரோ என்னவோ.

நேற்று காயலிலிருந்து ஈரக்காற்று.
இடுப்புக்கு மேல் கை எழவில்லை.
திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.
யாருமில்லாத ஜன்னலுக்கு அவர்
பத்து முறையும் செய்தார்,
சிகரெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு,
தப்பாக,
மணிக்கட்டை மடக்காமல்.

இன்று நான்கு முறை முடிந்தது.
ஐந்தாவதில் சுளீரென்றது.
ஒரு விரற்கடை பின்வாங்கினேன்.
அவரும் கை நீட்டியபடியே காத்திருந்தார்.

நீலச் சட்டை ஆணியில்தான் தொங்குகிறது.
அடிப்பொத்தான் ஒன்றை மட்டும்
போன ஞாயிறு, கெஸ்தாஸைக் கூப்பிடாமல்,
நானே போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டேன்.

மணிக்கட்டு, என்று சைகை காட்டினேன்.
புரிந்ததாகத் தலையாட்டி
சிகரெட்டை
மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.