சின்னப்பையன், ஓரடி உயரத்தில்

முன்பெல்லாம் எழுத்துக்கு அளவு உண்டு.
பத்துக்கு ஒரு பிளாப்பி, பன்னிரண்டுக்கு ஒன்று,
இருபத்துநாலுக்கு ஒன்று. அதோடு சரி.
அதற்கு மேல் இழுத்தால்
ழகரத்தின் வளைவில்
கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஏறும் படிகள் தெரியும்.

ஓசூரிலிருந்து வாங்கி வந்த புது எழுத்துருவுக்கு
அளவே கிடையாது.
உள்ளே எழுத்து என்று எதுவும் இல்லை.
சில புள்ளிகள், அவற்றை இழுத்துக் கட்டிய வளைவுகள்.
எண்ணைச் சொன்னால் பிறக்கும்.
முப்பத்தொன்றரை என்றாலும் முகம் சுளிக்காது.
நேரம்தான் ஆகும்.
ரெண்டு எம்.பி. நினைவை வைத்துக்கொண்டு
என் முந்நூற்று எண்பத்தாறு
மூச்சு வாங்கும்.

அந்த வாரம் பார்த்து வந்தார்
முன்னாள் கவுன்சிலர் சின்னப்பையன்.
பர்கூர் கூட்டுரோட்டில் தன் செலவில் நிழற்குடை,
அதன் நெற்றியில் கருங்கல்,
கல்லில் பேர்.
"எவ்ளோ பெருசு வரும்?"
"எவ்ளோ வேணும்ணே?"
நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

நாலு அங்குலம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.
ஆறு. "பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும் பாரிஜாதம்."
எட்டு. எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்,
அவர் நல்லாயிருக்கு என்றதும்
ஓரடி கேட்டார்.

இருபத்துநாலு ஊசியும் ராத்திரி பூரா குத்தின.
'சி' முடியப் பதினொரு நிமிடம்.
'பை' பாதியில் கரண்ட் போய்
முதலிலிருந்து.
எழுத்தின் உடம்பே ஒரு முழுத் தாள்;
தலைக்கு மேல் இருப்பதெல்லாம் அடுத்த தாளுக்குப் போயிற்று.

கல் கொத்தும் திம்மராயன்
காலையில் சுருட்டி எடுத்துப் போனான்.
'சி'யின் கொக்கி அறுந்து தெரிந்ததால்
அதன் மிச்சத்தைத் தேடி ஒட்டினான்.
புள்ளி எதோடும் ஒட்டாதது.
வெள்ளைத் தாளில் ஒரு கறுப்பு வட்டம்;
மை சோதித்த தாள் என்று நினைத்து
என் மேசையிலேயே விட்டுவிட்டான்,
மூன்றையும்.

திறப்பு விழாவில் பட்டாசு ஓய்ந்ததும்
ஒரு பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
சி ன ன ப பை ய ன.

கடைக்கு வந்த சத்தத்தில்
பிரிண்டர் மூடி அதிர்ந்தது.
திம்மராயன் பீடியை அணைக்கவில்லை.
"எங்க ஊர் ஏரிக்கரையில வீரன் கல்லு இருக்குது.
மாடு மீட்கப் போய்ச் செத்தவன்.
அதுல ஒரு எழுத்துக்காச்சும் புள்ளி இருக்குதான்னு
போய்ப் பாருண்ணே.
அவன் பேரு என்ன, அழிஞ்சா போச்சு?"

சின்னப்பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்ப... அந்தக் காலத்து முறையா இது?"
"ஆமாண்ணே."
மீசையைத் தொட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.
பாக்கி எழுபது ரூபாயை
படியிலிருந்து திரும்பி வந்து கொடுத்தார்.

மூன்று புள்ளிகளும் என்னிடம்தான் இருக்கின்றன.
ஒன்றின் மேல் டீ கிளாஸ் வைக்கிறேன்.
சரியாகப் பொருந்துகிறது.
ஒரு புள்ளி வரைய அந்த மென்பொருளுக்கு
நாலு வளைவு போதும்.
கிளாஸ் அளவுக்கும் நாலு,
கூட்டுரோடு அளவுக்குக் கேட்டாலும்
அதே நாலு.