இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

ஆணி என்னுடையதுதான்.
நிலையம் கொடுத்தது கத்தி. அது வழுக்கியது.
ஓவர்போர்ட்டில் ஒரு சைக்கிள் கடையில் வாங்கிய
இரண்டு அங்குல ஆணியைத் துணியில் சுற்றி
மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

எண்பத்தாறு, ஆனி மாதம். டர்பனில் அது குளிர்காலம்.
அவசரநிலை அறிவித்த மூன்றாம் நாள்
சௌந்தரி பதயாச்சியின் இசைத்தட்டு வந்தது.
எட்டுப் பாட்டு. அட்டையில் அவள் முகம் இல்லை;
சாட்ஸ்வர்த்தில் ஒரு பேருந்து நிறுத்தம்,
யாரோ ஓடும்போது விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

குழுவில் நால்வர்.
ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் அவர்களுக்கே தெரியும்.
ஸூலுவுக்கு ஆள் வைத்திருந்தார்கள்.
தமிழுக்கு நான்.

இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில்
ஒரு பையனின் பெயர் வந்தது: மண்ட்லா.
பதினேழு தடவை. எண்ணினார்கள்.
பெயர், அவன் தெருவின் பெயர், மறுபடி அவன் பெயர்,
வேறொன்றும் சொல்லவில்லை அந்தப் பாட்டு.
கீறு என்றார்கள்.

கீறுவதிலும் ஒரு சுத்தம் உண்டு.
பக்கத்துப் பாட்டில் படக்கூடாது.
காலில் முள் எடுப்பவனைப்போல
மூச்சை அடக்கிக்கொண்டு கீறினேன்.
கருப்புத் தூள் விரலில் ஒட்டியது. ஊதிவிட்டேன்.

அடுத்த பாட்டு தமிழ்.

மஞ்சள் வண்டி ஏறிவந்தாள் அம்மை
வீட்டுக்கொரு பிள்ளை கேட்டாள் அம்மை
போதும் தாயே, திரும்பிப் போ
எங்கள் வேம்புக்கும் பல் முளைச்சாச்சு

எது மஞ்சள் வண்டி என்று
அந்த வாரம் டர்பனில் தெருநாய்க்கும் தெரியும்.
நான் எழுதிக் கொடுத்தேன்:
பக்திப் பாடல். நோய் தீர வேண்டுதல்.
முத்திரை விழுந்தது.

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு
இரண்டு பஜனைகளுக்கு நடுவே அது ஒலித்தது.
என் மாமியார் வானொலியைப் பார்த்துக் கும்பிட்டாள்.
சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போனேன்.
மதியம்வரை நான் வீரன்.

செவ்வாய்க்கிழமை சௌந்தரி வந்தாள்.
நன்றி சொல்லத்தான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காரவில்லை.
"அவன் அம்மா ரேடியோ பக்கத்திலேயே இருந்தாள், அண்ணா.
ஞாயிறு முழுக்க. குளிக்கக்கூடப் போகவில்லை."
வேறெதுவும் கேட்கவில்லை.
என் விரல்களைப் பார்த்தாளா
என்று இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஆவணக் காப்பகத்தில்
நொம்வுலா என்ற பெண் அதைக் கணினியில் ஏற்றினாள்.
கீறலை மென்பொருள் துடைத்துவிடும் என்றாள்.
துடைத்தது. கூடவே பெயரிலும் பாதி போயிற்று.
தலையாட்டிவிட்டுப் பழையபடியே வைத்தாள்.
தட்டு ஒருமுறை சுற்றினால் ஒரு டக்.
டக்.
மண்
டக்.

"யார் கை இது, இவ்வளவு நேராக?"

எத்தனை தடவை கேட்கிறது பெயர், என்றேன்.
காதுக்கருவியை அழுத்திப் பிடித்து
விரல் மடக்கினாள்.
ஒன்பது, என்றாள்.
பிறகு, இரு, இரு,
பத்தாவது பாதி.