இடது கால்

சாம்பிளுக்கு எப்போதும் ஒற்றைக் கால்தான் போகும்.
ஜோடியாய்ப் போனால் அது சரக்கு, தீர்வை கேட்பான்;
ஒற்றையை எவனும் திருடமாட்டான் என்பார்
டெஸ்பாட்ச் சலாவுதீன் பாய்.
இடதின் வயிற்றில் காகிதம் திணித்து
பெட்டிமேல் மிலான் என்று எழுதுவார்.
வலது ஆம்பூரிலேயே நிற்கும்
என் பெயர் ஒட்டிய அலமாரியில்.

என் பெயர் ஏனென்றால், என் கால் முப்பத்தேழு.
கம்பெனியில் நானூறு பெண்கள்.
குதிகால், விரல்முட்டு, மேல்வளைவு
மூன்றும் அச்சுக்கட்டையோடு ஒத்துப்போனது எனக்குத்தானாம்.
தையல் மிஷினிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள்.
மாதம் எண்ணூறு கூடுதல்.
சேற்றுப்புண் வரக்கூடாது என்றொரு நிபந்தனை,
ஐப்பசியிலும்.

பாய் மகனின் போனில் தூரம் பார்த்தோம்.
சென்னையிலிருந்து மிலான்
ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்.
நில்லாமல் பறந்தால் ஒன்பதரை மணி நேரம்.
நில்லாமல் பறக்கிற விமானம் இல்லை.
தோஹாவில் இறங்கி, ஏதோ ஒரு ரேக்கில் படுத்திருந்து
வேறொன்றில் ஏறும்.

போன் சொல்லாத கணக்கும் உண்டு.
ஆம்பூரிலிருந்து மீனம்பாக்கம் நூற்றெண்பதுதான்.
பள்ளிகொண்டா சுங்கத்தில் வரிசை,
வாலாஜாவில் டிரைவர் தணிகைமலைக்கு டீ,
ஸ்ரீபெரும்புதூரைத் தாண்ட ஓர் ஆயுசு.
ஐந்தரை மணி நேரம்.
ஒரு கடல், ஒரு பாலைவனம், பனிமூடிய மலைகள்,
இத்தனையும் கடக்கிற நேரத்தில் பாதிக்கு மேல்
தார்ச்சாலையிலேயே தீர்ந்துவிடுகிறது
என் இடது காலுக்கு.

அங்கே ஒருத்தி இருக்கிறாள். அவளும் முப்பத்தேழு.
பெயர் தெரியாது, மெயிலில் 'மாடல்' என்றுதான் வரும்.
நான் மதியச் சோற்றுக்கு உட்காரும்போது
அவளுக்கு இன்னும் காலை ஒன்பது.
என் இடதை மாட்டி நாலு எட்டு வைப்பாள்.
மறுகால் வெறுங்கால்.
நொண்டித்தான் நடப்பாள் என்று நினைக்கிறேன்.
பெட்டி போன அன்று நானும் நடந்து பார்த்தேன்
வலதை மட்டும் போட்டுக்கொண்டு
கட்டிங் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே.
ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்து.
யாரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது:
சுண்டுவிரல் பக்கம் இறுக்கம். இரண்டு மில்லிமீட்டர் விடவும்.

ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் போய்
இரண்டு மில்லிமீட்டர் போதவில்லை.

மாஸ்டர் குலோத்துங்கன் நாடாவை எடுத்துக்கொண்டு
என் காலருகே குந்தினார்.
"உனக்கு இறுக்கலையா?"
அலமாரி வலதைப் போட்டேன்.
சுண்டுவிரல் தானாக மடங்கி
பக்கத்து விரலுக்குக் கீழே போய்ப் படுத்தது,
பழகிய இடம் போல.

வலித்தது. முதல் நாளும் வலித்ததுதான்.
புதுச் செருப்பென்றால் கடிக்கத்தான் செய்யும் என்று
சரி என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன்.
அவள் போடவில்லை.
அவ்வளவுதான் வித்தியாசம், கிலோமீட்டரில் சொல்லத் தெரியவில்லை.

இன்று புது ஜோடி.
சுண்டுவிரல் நீட்டிப் படுத்திருக்கிறது.
மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கிறார்,
வண்டி நாலு மணிக்கு, இப்போது மூன்று ஐம்பது,
விட்டால் இரவு விமானம் போய்விடும்.

"குதிகால்ல உரசுது சார்," என்றேன்.
"இடதுலயா வலதுலயா?"
"ரெண்டுலயும்."

கிழிக்கப்போன டேப்பைப் பல்லில் கடித்தபடி
அப்படியே நின்றார் சலாவுதீன் பாய்.