ஒரு டயருக்கு ஐந்து வெள்ளி

ஜாலான் ஈப்போவில் எங்கள் டயர் கடை.
பச்சை மூடி போட்டு அனுப்பினால்
உள்ளே இருப்பது நைட்ரஜன் என்று அர்த்தம்.
ஒரு டயருக்கு ஐந்து வெள்ளி.

மைவி ஓட்டி வந்தவர் சிரித்தார்:
"சும்மா கிடக்கிற காற்றிலேயே
முக்கால் பங்கு அதுதானே, அக்கா?"
நூறில் எழுபத்தெட்டு, என்றேன்.
"அப்புறம் எதற்குக் காசு?"
மிச்சத்தை வெளியே தள்ளுவதற்கு.
நல்லவேளை,
தவுக்கே போனில் இருந்தார்.

பின்கட்டில் ஓர் இரும்புப் பெட்டி.
அதற்குள் தலைமயிர் பருமனில் ஆயிரம் குழாய்கள்.
செந்தூல் காற்றை ஒரு முனையில் திணித்தால்
ஆக்சிஜன் சுவர் வழியே கசிந்து நழுவிவிடும்.
நைட்ரஜன் மறுமுனை வரை போகும்.
இரண்டு அணுக்கள், நடுவே மூன்று பிடி:
சண்டைக்கும் வராது, சமாதானத்துக்கும் வராது.
ஆக்சிஜனுக்கு இரண்டே பிடி.
இரும்பைக் கண்டால் துரு,
தீக்குச்சியைக் கண்டால் தீ.

டயருக்குள் போனதும் அவை சும்மா இருப்பதில்லை.
துப்பாக்கிக் குண்டின் வேகத்தில்
ரப்பரை முட்டி, ஒன்றையொன்று முட்டி,
திரும்பவும் முட்டி.
மானியில் முப்பத்திரண்டு என்று முள் நிற்பது
அத்தனை முட்டலின் கூட்டுத்தொகை.
முள் மட்டும் அசையாமல் நிற்கும், பாருங்கள்.

கழித்த ஆக்சிஜனைச் சந்துக்குள் ஊதுகிறது ஒரு குழாய்.
அதன் வாயில் தினமும் ஒரு பூனை படுத்திருக்கும்.
ஊரிலேயே நல்ல காற்று அதற்குத்தான்.
தூங்குவதைத் தவிர
வேறொன்றும் செய்து நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குக் கடையடைத்து
பதினோராவது மாடிக்கு ஏறினால்
அங்கேயும் ஒரு பெட்டி.
குர்ர்ர், டஸ். குர்ர்ர், டஸ்.
கல் குவாரியில் பதினாறு வருடம் தூசி குடித்த
என் தம்பி நேசனின் மூக்குக்கு
அதிலிருந்துதான் குழாய் போகிறது.
அதற்குள் ரவை மாதிரி வெள்ளை மணிகள்.
அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு
ஆக்சிஜனை மட்டும் அவனுக்கு அனுப்பும்.
'டஸ்' என்பது, பிடித்ததைத் துப்பும் சத்தம்.

பகலெல்லாம் நான் விற்றது அது.
அவனுக்கு வேண்டியதைப் பூனைக்கு ஊதிவிட்டு
வீட்டுக்கு வந்து
இதற்கு மின்கட்டணம் கட்டுகிறேன்.

"இன்றைக்கு எத்தனை டயர்?"
இருபத்திரண்டு.
"எனக்கு நிமிடத்துக்கு இருபத்தெட்டு.
நீ தோற்றாய்."

ஜன்னலைத் திறந்தேன். மழை நின்ற வாசம்.
கீழே கொமுட்டர் ரயில் காற்றைப் பிளந்து போனது.
பிளந்த இடம் உடனே மூடிக்கொண்டது.
நூறில் ஒரு பங்குக்கு ஆர்கான் இருக்கிறதாம்,
இவனிடம் சொன்னேன்.
ஒற்றை அணு. எதனோடும் சேராது.
கடைப் பெட்டியும் அதைத் தேடுவதில்லை,
இந்தப் பெட்டியும் பிடித்து வைப்பதில்லை.
உன் மூக்குக்குள்ளும் வரும்,
ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகும்.

"பெரியண்ணன் மாதிரி," என்றான்.

சிரித்துவிட்டோம்.
அந்தச் சிரிப்பிலிருந்து அவனுக்கு
மூச்சு திரும்ப
நான்கு நிமிடம் ஆனது.