இரண்டு விரற்கடை

எழுபதைத் தொட்டால் விசில் தொடங்கும்.
எண்பதில் அது கொதிக்கும் கெண்டி.
தொண்ணூறை நாங்கள் பார்த்ததில்லை.
அறுபத்தொன்பதாம் வருடத்துப் பெஜோ 404,
அதற்கும் அந்த ஆசை இல்லை.

பதினோரு வருடம்
ட்ரெலேவிலிருந்து லாஸ் ப்ளூமாஸ் வரை,
போக, வர,
பக்கத்து இருக்கையில் எதெல்வினா,
கண்ணாடி இடுக்கில் படகோனியாவின் காற்று.
மூன்றாவது ஆளாய்
டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்தது.

ஆகஸ்டில் ஒருநாள்
கடைவாய்ப் பல்லில் மணல் நெறிபட்டது.
போதும் என்றேன்.

புவெனோஸ் அய்ரெஸிலிருந்து பஸ் பார்சலில்
வெல்வெட் வைத்த ரப்பர் பட்டை வந்தது,
குளிரில் விறைத்து, வட்டமாய்ச் சுருண்டு.
நீட்டினால் சுருண்டது.
அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு
நுனியில் ஒரு ஸ்பேனரைக் கட்டினேன்.
எதெல்வினா அதன்மேல்
துவைத்த காலுறைகளைக் காயப்போட்டாள்.

நாலு கதவு, மூன்று ஞாயிறு.
அவள் பக்கத்துக் கதவுதான் முதலில்.
கைப்பிடியின் ஊசியை நெம்பினேன்.
அது பறந்தது.
கொட்டகையில் எங்கோ இன்னும் இருக்கிறது.
கதவின் அட்டையை உரித்து,
தார் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை விலக்கி,
கண்ணாடியை அடிவரை இறக்கிவிட்டுக்
கையை உள்ளே விட்டால்
தகரத்தின் ஓரம் மணிக்கட்டில் கையெழுத்துப் போட்டது.
கதவின் வயிற்றில் மணல்.
காப்பி டப்பாவில் அள்ளி
மளிகைத் தராசில் வைத்தேன்:
ஒன்றரைக் கிலோ, செத்த குளவி ஒன்று உட்பட.

பழைய பட்டை வரமாட்டேன் என்றது.
கெஞ்சினேன். மண்ணெண்ணெய் காட்டினேன்.
வந்தது, அப்பளமாய் நொறுங்கி,
துண்டு துண்டாக, அரைநாள் எடுத்துக்கொண்டு.
பள்ளத்தில் துரு. சுரண்டிச்
சிவப்புப் பூச்சு ஒன்று அடித்துவிட்டு
அது காயும்வரை மாத்தே குடித்தேன்.

"மூலையில் வெட்டிடாதே, வளை,"
போனில் சொல்லியிருந்தான் கடைக்கார இஸிதோரோ.
"வெட்டின இடத்துல காத்து குடிவந்துடும்."
வளைத்தேன். நிமிர்ந்தது. வளைத்தேன்.
கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

கண்ணாடி ஏறவில்லை.
புது வெல்வெட் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது.
எதெல்வினாவின் லாவெண்டர் பவுடரை
(கேட்டு எடுத்தது அல்ல)
இடுக்கெல்லாம் தூவினேன்.
அரைச் சுற்று. இன்னும் அரை.
பிறகு ஒரு பெருமூச்சு விட்டு
ஏறிப் பொருந்தியது.

கடைசிக் கதவு முடிந்த செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.
எழுபது.
ஒன்றுமில்லை.
எண்பது.
பின்னச்சின் பல்சக்கரங்கள் முனகுவது கேட்டது,
கையுறைப் பெட்டிக்குள் சாவி ஒன்று உருள்வது.
அப்புறம் ஒரு குரல்,
ஜன்னலைப் பார்த்தபடி,
ஜெபமாலை உருட்டுவதுபோல் தணிந்து:

"லாரி வருது. பாத்தானா? பாக்கலை.
இப்பப் போடுவான் பாரு பிரேக்கை.
போட்டான், கழுதை.
மூணாவது கியர்... மூணாவது...
வண்டி அழுவுது,
மகராசனுக்குக் காது இல்லை."

பதினோரு வருடம்!
முட்புதர்களை ரசிக்கிறாள் என்றிருந்தேன்.
குவானாக்கோக்களை எண்ணிக்கொண்டே வருவாள் என்று
ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது கியர் போட்டேன்.
அவள் நிறுத்தினாள்.
கண்ணாடியின் மேல்விளிம்பைப் பார்த்தாள்,
பிறகு மூலையை,
நான் வளைத்த இடத்தை.
"நல்லாத்தான் பொருத்தியிருக்கே," என்றாள்
முழுக் குரலில்.
காதுமடல் சிவந்திருந்தது.

அதன்பின் நாற்பது கிலோமீட்டர்
காரில் இரண்டே பேர்.
ஆட்டு விலை பேசினோம். பல் டாக்டரைப் பேசினோம்.
தீர்ந்துவிட்டது.
வெளியே காற்று, கூடவே ஓடிவந்து
கதவைத் தடவித் தடவிப் பார்த்தது.

பெட்ரோல் பங்க் தாண்டியதும்
என் பக்கத்துக் கைப்பிடியைக்
கொஞ்சம் சுற்றினேன்.
இரண்டு விரற்கடை.
விசில் வந்தது. சிறிது மணலும்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
கன்னம் லேசாக அசைந்தது.
நாலாவது கியருக்கு மாற்றினேன்,
வேண்டுமென்றே,
கொஞ்சம் சீக்கிரமாக.