படி எத்தனை?

ஜார்ஜ்டவுன் விடுதி அறையிலிருந்து
ஏழு இடங்களுக்கு ஃபோன் போட்டேன்.
முதல் கேள்வி ஒயினைப் பற்றியதல்ல.
படி எத்தனை?
கழிவறையில் பிடிமானம் உண்டா?
குடிக்காதவருக்கு என்ன தருவீர்கள்?

ஒருவர், பஸ் நிறுத்த இடமிருக்கிறது என்றார்.
இன்னொருவர், இருபது பேருக்குக் குறைந்தால்
கதவைத் திறப்பதில்லை என்றார்.
மற்றதெல்லாம் எண் ஐந்தை அழுத்தச் சொன்ன குரல்கள்.
பாலிக் புலாவில் ஒரு பெண்மணி மட்டும்
வாத்துச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:
"ஆறு படி. என் மகன் தூக்குவான்.
எத்தனை கிலோ?"

பெரியம்மாவின் எடையை
பெரியம்மாவிடமே கேட்க வேண்டியதாயிற்று.

எட்டுப் பேர், ஒரு வாடகை வேன்.
மடக்கிய சக்கர நாற்காலி மேல் பேம்பர்ஸ் பொட்டலம்,
அதன் மேல் அப்பாவின் மருந்துப் பை.
அப்பா முருகன் மேல் சத்தியம் செய்தவர்,
பதினெட்டுத் தைப்பூசமாகத் தொடவில்லை.
"பேரப்புள்ளைங்கள கூட்டிக்கிட்டு
சாராயம் பாக்கப் போற குடும்பம்" என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
மூன்றாம் வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான்.
கைப்பேசி வரைபடமோ
ஒரு ஜாதிக்காய்த் தோப்பில் நிறுத்தி
வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.

பலகை இல்லை. கார் கூரைக்குக் கீழே,
துணி துவைக்கும் மெஷினுக்கு அடுத்து,
சிவப்புத் துணி கட்டிய ஜாடிகள்.
மேடம் லியூ அகப்பையோடு வந்தார்.
மகன் பெரியம்மாவைத் தூக்கினான்,
ஜாடியைத் தூக்குவது மாதிரியே
அடியில் ஒரு கை கொடுத்து,
சிந்தாமல்.

பாதி ஜாடிகள் விற்க அல்ல என்றார் மேடம் லியூ.
மருமகளுக்கு எட்டாம் மாதம்.
பிள்ளை பெற்றபின் ஒரு மாதம்
கோழியும் இஞ்சியும் இதில்தான் வேகும்.
"எனக்கு ரெண்டு பேறுக்கும்
பூண்டுக் கொழம்பக் குடுத்து ஏமாத்திட்டாங்க"
என்று பெரியம்மா இரண்டாம் கிண்ணத்தை நீட்டினார்.
போத்தல் எத்தனை வெள்ளி என்றும் கேட்டார்.
குணாளன் அண்ணன் பேரம் பேசத் தொடங்க,
பிள்ளைகள் வாத்துகளோடு போய்விட்டார்கள்.

அப்பா இறங்கவே இல்லை.
தண்ணீர் கொண்டுபோன நான்
வேன் கதவருகே நின்றுவிட்டேன்.
பக்கத்து இருக்கையில் லியூவின் கணவர்.
முப்பது வருஷமாக ஊறவைப்பவர்,
நாலு வருஷமாக டாக்டர் தொடவிடவில்லை.
இருவருக்கும் நடுவில் ஜாதிக்காய் ஜூஸ், சீனியில்லாமல்.
மலாயில் பேச்சு, பாதி விரலில்.
ஒன்பது புள்ளி இரண்டு, என்றார் அப்பா.
பதினொன்று, என்றார் அவர் கொஞ்சம் பெருமையாக.
ஊசி குத்திய நுனிகளை
நீட்டி ஒப்பிட்டுக்கொண்டார்கள்.

நான் வேன் ஓட்டுகிறவள்,
எனக்கு வாசனை மட்டும்:
பலாச்சுளையும் நனைந்த சுவரும் கலந்த மாதிரி.

திரும்பும் வழியில் பெரியம்மா தூங்கிப்போனார்.
வளைவுகளில் போத்தல்கள் இடித்துக்கொள்ள,
கண்ணாடியில் பார்த்தேன்:
அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு
மூன்றையும் இரண்டு பாதங்களுக்கிடையே
இறுக்கிப் பிடித்திருந்தார்,
முகம் மட்டும் ஜன்னல் பக்கம்.